சொல்லிவிட்டு ஊற்று

என் மகளுக்கு ஏழு வயது. அவளைக் குளிப்பாட்டும்போது ஒவ்வொரு குவளைத் தண்ணீரையும் சொல்லிவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். நான் “ஊத்துதேன்” என்பேன். அவள் கண்ணை இறுக்கி மூடி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, “ம்” என்பாள். அந்த ‘ம்’ வந்த பிறகுதான் குவளையைச் சாய்க்கலாம். பள்ளி வேன் கீழே ஹாரன் அடிக்கும், அடுக்களையில் குக்கர் கத்தும், தலையில் நுரை காய்ந்துகொண்டிருக்கும். அவசரத்தில் ஒரு குவளையைச் சொல்லாமல் ஊற்றிவிட்டால் அவள் அழ மாட்டாள். சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு என்னைப் பார்ப்பாள். அழுதாலாவது சமாதானம் சொல்லலாம்.

தண்ணீரைக் கண்டு பயந்த பிள்ளை இல்லை அவள். பக்கெட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்தவள். நான்தான் பயந்தாங்கொள்ளி. நாற்பது தாண்டிப் பெற்றதாலோ என்னவோ, தொண்டையில் மீன்முள் சிக்கிவிடுமோ, ரயில் ஏறும்போது கால் இடுக்கில் போய்விடுமோ, மின்விசிறி கழன்று விழுந்துவிடுமோ என்று எதையாவது நினைத்துப் பயந்துகொண்டே வளர்த்தேன். நான் பயந்தவற்றில் ஒன்றுகூட நடக்கவில்லை. மழைத் தண்ணீரைப் பற்றி மட்டும் பயந்ததே கிடையாது. தாராவியில் பிறந்து வளர்ந்த எனக்கு முழங்கால் தண்ணீர் என்ன புதிதா?

போன வருட மழையில் ஒரு நாள். அவள் பள்ளிக்கூடம் மாட்டுங்காவில், எங்கள் வீடு செம்பூரில், என் அலுவலகம் காட்கோபரில். மத்தியானமே பிள்ளைகளை அழைத்துப் போகச் சொல்லிச் செய்தி வந்தது. வேன்காரர் போனை எடுக்கவில்லை. இன்னும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்த ரயில்களில் ஒன்றைப் பிடித்து சயானில் இறங்கி, நடந்தே பள்ளிக்குப் போய் அவளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தபோது, செம்பூருக்குப் போக எந்த வழியும் இல்லை என்று ஆகிவிட்டது. தாராவியில் என் மதினி, கணவரின் அக்கா, வீடு இருக்கிறது. அங்கே போய்விடலாம் என்று பள்ளிக்குப் பக்கத்துக் கிங்ஸ் சர்க்கிளில் இருந்து சயான் பக்கம் திரும்ப நடந்தோம்.

தண்ணீரில் நடப்பதற்கு இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த முறை ஒன்று உண்டு. நடைபாதைப் பக்கம் போகக் கூடாது. சாக்கடை மூடிகள் அங்கேதான் திறந்து கிடக்கும். நடுரோட்டில், டிவைடரை ஒட்டி, முன்னால் போகிறவர் கால் வைத்த இடத்தில் கால் வைத்துப் போக வேண்டும். எங்காவது மூடி திறந்திருந்தால் யாராவது ஒரு மரக்கிளையை அதில் நட்டிருப்பார்கள். அன்றைக்கும் அப்படித்தான் ஒரு வரிசை போய்க்கொண்டிருந்தது. செருப்பைக் கையில் பிடித்தவர்கள், லேப்டாப் பையைத் தலையில் வைத்தவர்கள். நாங்களும் அதில் சேர்ந்துகொண்டோம். எனக்கு முழங்காலுக்கு மேல், அவளுக்கு இடுப்புக்கு மேல். அவள் பேசிக்கொண்டே வந்தாள். ஒரு சோளப்பொரி பாக்கெட் மிதந்து போனதைக் காட்டி, “அம்மா, அதுக்கு மட்டும் டிக்கெட் வேண்டாம்” என்றாள். நான் சிரித்தேன்.

ஒரு லாரி போனது. அது கிளப்பிய தண்ணீர் வரிசையின் மேல் மோதியது. நான் ஒரு பக்கமாகச் சாய்ந்து, டிவைடரில் இடித்துக்கொண்டு, நிமிர்ந்தேன். என் கை மூடியே இருந்தது. அவள் விரல்கள் அதற்குள் இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். குனிந்து பார்த்தபோது அவளுடைய சிவப்புப் பை மட்டும் மிதந்து போய்க்கொண்டிருந்தது. பைக்குக் கீழே அவள் இருந்தாள். காலி டிபன் டப்பாவும் காலி பாட்டிலும் உள்ளே இருந்ததால் பை மேலே எழும்பி, முதுகிலிருந்து அவளை அமுக்கி, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்திருந்தது.

நான் கத்தினேனாம். எனக்கு நினைவில்லை. முன்னால் போய்க்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினார். பையோடு அவளும் வந்தாள். மூக்கிலும் வாயிலும் கறுப்பாக ஒழுகியது. இருமினாள்.

“எக்கா, பையை மொதல்ல கழட்டுங்க” என்றார் அவர். எங்கள் பக்கத்துப் பேச்சு. அவரும் தாராவிக்குத்தான் போய்க்கொண்டிருந்திருக்க வேண்டும். “பையை மாட்டிக்கிட்டா பிள்ளைய தண்ணிக்குள்ள கூட்டிட்டு வருவாவ?”

நான் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டேன். ஏழு வயதை நெருங்குகிற பிள்ளை, கனத்தாள். இறக்கிவிடவில்லை. மதினி வீட்டுக் கதவு வரைக்கும் இறக்கிவிடவில்லை. அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு ஒரே ஒரு தடவை பேசினாள்.

“நீ சோட் பண்ணிட்ட.”

விட்டுவிட்டாய் என்பதை அவள் பாதி இந்தியில் சொன்னாள். இங்கே வளரும் பிள்ளைகளின் தமிழ் அப்படித்தான் இருக்கும். நான் விடவில்லை, தண்ணீர் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது என்று சொன்னேன்.

அந்த மழைக்காலம் முழுக்க நான் தூங்காமல் படித்துக்கொண்டிருந்தேன். குழந்தைகளுக்கு நீச்சல் எப்படிக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று போனில் தேடித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. சிறு பிள்ளை முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது நீந்துவது இல்லை. தண்ணீருக்குள் மூச்சை வெளியே விடுவது, மல்லாந்து மிதப்பது, தவறி விழுந்தால் புரண்டு முகத்தை மேலே கொண்டுவருவது, எட்டுகிற எதையாவது பிடித்துக்கொள்வது. இவ்வளவுதான். எனக்கு மெடல் வேண்டாம், போட்டி வேண்டாம். முகம் குப்புறப் போனால் அவளாகத் திருப்பிக்கொள்ள வேண்டும். என் கை இல்லாமல். அடுத்த மழைக்கு முன்னால்.

மதினியிடம் சொன்னபோது சிரித்தார். “நீச்சலா? இவ என்ன கப்பல்ல வேலைக்காப் போப்போறா? மழை பெஞ்சா லீவு போடு, அம்புட்டுத்தான்.”

என் கணவர் மட்டும் என் பக்கம் பேசினார். “எங்க ரெண்டு பேருக்கும் தெரியாது. அவளாவது படிக்கட்டும்க்கா.”

“நீ படிக்காம என்ன கொறைஞ்சு போன? வீட்டுக்குப் பின்னாலதான மாஹிம் காடி கெடந்துச்சு.” தாராவியை ஒட்டிய உப்பங்கழி அது, ஊர்ச் சாக்கடை எல்லாம் அதில்தான் கலக்கும்.

“அதுலயா? அதுல விழுந்தவன் முங்கிச் சாவ மாட்டான், நாத்தத்துலயே செத்துருவான்.”

மதினி சிரித்து அடங்கியபிறகு என்னைப் பார்த்தார். “பயத்தை நீ பிடிச்சுக்கிட்டு பிள்ளைய எதுக்குட்டி தண்ணியில எறக்குத?” என்று கேட்டார். அப்போது எனக்குக் கோபம் வந்தது.

ஏப்ரலில் செம்பூரில் ஒரு நீச்சல் குளத்தில் கோடை வகுப்பு தொடங்கியது. காலை நேர வகுப்பு. கற்றுக்கொடுத்தவர் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். பிள்ளைகள் மேடம் என்று கூப்பிட்டார்கள். முதல் நாளே பாதிப் பிள்ளைகளை ஷவருக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். தலையில் எண்ணெய் இருந்தால் குளத்தில் இறங்கக் கூடாதாம். தமிழ்ப் பிள்ளைகள் ஒருவர் விடாமல் திரும்பி வந்தார்கள்.

பெற்றோர்கள் உட்காரும் படிகளில் என் பக்கத்தில் இருந்தவர் மாட்டுங்காவிலிருந்து மகனைக் கூட்டிக்கொண்டு வருகிற ஒரு பெண். “எண்ணெய் வைக்காம ஒரு கொழந்தையை எப்படி வாசலைத் தாண்டி அனுப்பறதாம்? இவாளுக்கென்ன, சொல்லிடுவா” என்றார். பிறகு தம் பையனைப் பார்த்து, “டேய், நன்னா தேய்ச்சுக்கோ. இல்லேன்னா குளமே தாளிச்ச மாதிரி ஆயிடும்” என்று கத்தினார். நீண்ட நாளைக்குப் பிறகு என் மகள் தண்ணீருக்குப் பக்கத்தில் நின்று சிரித்ததை அன்றைக்குப் பார்த்தேன்.

முதல் வாரம் ஆழமில்லாத பக்கத்தில், படியில் உட்கார வைத்தார்கள். மேடம் ஒரு பிளாஸ்டிக் குவளையில் தண்ணீர் எடுத்து, “ஏக், தோ, தீன்” என்று எண்ணிவிட்டு ஒவ்வொரு பிள்ளை தலையிலும் ஊற்றுவார். பிறகு வாயைத் தண்ணீரில் வைத்து ஊதச் சொல்வார். சாஸரில் சூடான டீயை ஊதுகிற மாதிரி ஊதுங்கள் என்பார். குமிழி வரும். பிறகு மூக்கால். பிறகு காது நனைய வேண்டும், அதுதான் கஷ்டம். காதில் தண்ணீர் போனால் உலகமே அடைத்துப்போகிற மாதிரி இருக்குமாம், பெரியவர்களே மிரள்வார்களாம்.

அடுத்தது குளத்தைச் சுற்றிப் பதித்திருக்கும் பைப். அதைப் பிடித்துக்கொண்டு காலை உதைக்க வேண்டும். தினமும் வகுப்பின் தொடக்கத்தில் அந்தப் பைப்பைப் பிடித்தபடியே பக்கவாட்டில் நகர்ந்து, ஆழத்தையும் தாண்டி, முழுக் குளத்தையும் சுற்றி வர வேண்டும். மேடம் அதைக் குரங்கு நடை என்பார். சுவரைப் பார்த்த முகம். ஒரு கை நகர்ந்து நன்றாகப் பிடித்த பிறகுதான் மற்றக் கையை எடுக்கலாம். அதில் மட்டும் மேடம் கறாராக இருந்தார். மற்றப் பிள்ளைகளுக்கு அது அலுப்பு. என் மகளுக்கு அதுதான் பிடித்திருந்தது. எங்கும் அவசரப்படாமல், ஒவ்வொரு பிடியையும் கண்ணால் பார்த்துப் பார்த்து, கடைசி ஆளாகச் சுற்றி வருவாள்.

பிறகு டப்பா. ஒரு பெல்ட்டில் ஸ்பாஞ்சுத் துண்டுகளைக் கோத்து முதுகில் கட்டுவார்கள். ஒரு காலத்தில் காலித் தகர டப்பாவைக் கட்டிவிடுவார்களாம், அது போய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது. துண்டுகள் பிள்ளையை மேலே தாங்கும். பிள்ளை கைகாலை அடித்து முன்னேறும். பழகப் பழகத் துண்டுகளை ஒவ்வொன்றாக உருவிவிடுவார்கள்.

டப்பாவைக் கட்டி அவளைத் தண்ணீரில் படுக்கவைத்த அன்று அவள் போட்ட கூச்சலில் குளம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மேடத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்க மறுத்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆட்டோவில் வரும்போது கேட்டேன்.

“அது பேக் மாதிரி இருக்கு. பின்னால இருந்து அமுக்குது.”

மறுநாள் மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். லாரி, பை, குப்புறக் கிடந்த முகம். அவர் நின்று கேட்டார். டப்பாவை ஓரமாக வைத்துவிட்டு, அவளை மல்லாக்கப் படுக்கவைத்து, பிடரியில் ஒரு கையும் முதுகில் ஒரு கையும் கொடுத்துத் தாங்கினார். “கூரையில் எத்தனை விளக்கு இருக்கிறது, பார்த்துச் சொல்” என்றார் இந்தியில். அவள் எண்ணினாள். எண்ணி முடிப்பதற்குள் மேடம், “இப்போது முதுகுக் கையை எடுக்கிறேன்” என்றார். எடுத்தார். சில நாட்கள் கழித்துப் பிடரிக் கையையும் எடுத்தார், சொல்லிவிட்டு. அவள் மல்லாந்து மிதந்தாள். நீச்சலுடைக்குள் அவள் வயிறு ஏறி இறங்குவதைப் படியில் இருந்து பார்த்தேன். அந்த வருடத்திலேயே எனக்குப் பசித்தது அன்றைக்குத்தான். வீட்டுக்குப் போகிற வழியில் இட்லி வாங்கி இரண்டு பேரும் ஓரமாக நின்று சாப்பிட்டோம்.

அதற்குப் பிறகு டப்பாவைக் கட்டிக்கொள்ளவும் சம்மதித்தாள். ஒவ்வொரு துண்டையும் மேடம் அவளிடம் காட்டிவிட்டுத்தான் உருவினார். ஒரே ஒரு துண்டு மிஞ்சியது. அதை மட்டும் விட மாட்டேன் என்றாள். உருவப் போகிறேன் என்று சொன்னாலே சுவருக்கு ஓடிவிடுவாள். நாட்கள் போய்க்கொண்டிருந்தன. மே முடியப் போகிறது, கேரளத்தில் மழை தொடங்கிவிட்டது என்று டிவியில் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். நான் தினமும் மேடத்திடம், “எப்போது, எப்போது” என்று கேட்டேன். அவர் பொறுங்கள் என்றார். நான் மறுபடியும் கேட்டேன்.

ஒரு காலை. பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஒவ்வொருவராகக் குறுக்கே நீந்த விட்டுக்கொண்டிருந்தார்கள். மேடம் என் மகளின் பெல்ட்டை இறுக்குகிற மாதிரிக் குனிந்தார். துண்டை உருவித் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். பெல்ட் மட்டும் இடுப்பில் இருந்தது. பிறகு படிகளின் பக்கம் திரும்பி உதட்டில் விரலை வைத்தார்.

எனக்குப் புரிந்தது. அந்தக் கோடையில் அதை எத்தனையோ பிள்ளைகளுக்கு அவர் செய்வதைப் பார்த்துவிட்டேன். பிள்ளைக்குத் தெரியாது, நீந்தும். எதிர்ச்சுவரைத் தொட்டதும் எல்லோரும் கைதட்டித் துண்டைத் தூக்கிக் காட்டுவார்கள். பிள்ளை முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு வெட்கப்பட்டுச் சிரிக்கும். அன்றையிலிருந்து அது நீந்தத் தெரிந்த பிள்ளை. மாட்டுங்காக்காரரின் பையனும் அப்படித்தான் தேறினான். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “பாருங்கோ, இப்போ பாருங்கோ” என்றார்.

“சோடோ” என்றார் மேடம். என் மகள் பைப்பை விட்டாள்.

நீந்தினாள். நான் என் கண்ணால் பார்த்தேன். கையை மாற்றி மாற்றிப் போட்டு, காலை உதைத்து, முகத்தைத் திருப்பி மூச்செடுத்து, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக் குமிழிவிட்டு, மறுபடியும் திருப்பி. மேடம் கை எட்டும் தூரத்தில் கூடவே நடந்தார், தொடவில்லை. குளத்தின் நடுப்பகுதி வரைக்கும் வந்துவிட்டாள். நான் எழுந்து நின்றேன். எழுந்ததுகூட எனக்குத் தெரியாது.

“ஏட்டி! முதுகுல ஒண்ணுமே இல்லட்டி! நீயே நீந்துதட்டி!”

குளத்தின் கூரையில் பட்டு என் குரல் திரும்பி வந்தது. அவள் நின்றாள். நின்ற இடத்தில் கால் எட்டாது. ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகைத் தடவினாள். வெறும் பெல்ட். என் பக்கம் பார்த்தாள். மூழ்கினாள்.

மேடம் அந்தக் கணமே தூக்கிவிட்டார். ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டாள். உடம்புக்கு ஒன்றுமில்லை. இதையெல்லாம் நான் மறக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேட்கிறவர்கள் எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை.

“நீங்க கத்தாம இருந்திருக்கலாம்” என்றார் மாட்டுங்காக்காரர், மெதுவாக, என் முகத்தைப் பார்க்காமல். மேடம் என்னைத் திட்டவில்லை. நாளைக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள், பாதிக் குளம் நீந்திவிட்டாள், அதைச் சொல்லிக்காட்டுங்கள் என்றார். நான் ஆட்டோவில் அதைத்தான் சொன்னேன். பாதிக் குளம், பாதிக் குளம் என்று.

அவள் டவலைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“மேடம் அத எடுத்தப்ப நீ பாத்தியா?”

“பாத்தேன்.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா நீ பயந்துருவேல்லா.”

“அப்புறம் ஏன் சொன்ன?”

சிக்னலில் ஆட்டோ நின்றிருந்தது. பக்கத்தில் ஒரு பஸ். நான் அந்தப் பஸ்ஸின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சந்தோசத்துல சொல்லிட்டேன்ம்மா.”

“அன்னிக்கும் நீ சொல்லல” என்றாள்.

என்றைக்கு என்று நான் கேட்கவில்லை. அந்த நாளில் சொல்வதற்கு நேரம் இருந்ததா என்ன? என் விரல்களுக்கே தெரியாமல் போன ஒன்றை எப்படிச் சொல்லியிருப்பேன்? ஆனால் அவள் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். தாங்கிக்கொண்டிருந்த ஒன்று இல்லாமல் போனது, அம்மா பக்கத்தில் இருந்தாள், அம்மா சொல்லவில்லை.

அன்று மாலை குளிக்கும்போதுதான் முதல் தடவையாக அதைக் கேட்டாள். “சொல்லிட்டு ஊத்து.”

மறுநாளும் குளத்துக்குப் போனோம். நீந்த மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். மல்லாந்து மிதக்கவும் மாட்டாள். மேடம் கையை எடுத்துவிடுவாராம். “எடுக்க மாட்டேன், சத்தியம்” என்றார் மேடம். அவள் தலையை ஆட்டினாள், ஆனால் பைப்பை விடவில்லை. கடைசி நாள் வரைக்கும் வந்து குரங்கு நடை மட்டும் நடந்தாள். மற்றப் பிள்ளைகள் நடுவில் நீந்திக்கொண்டிருக்க, ஓரத்தில் சுவரைப் பார்த்த முகத்தோடு, கை மேல் கை வைத்து ஒரு சுற்று, இன்னொரு சுற்று. படியில் உட்கார்ந்திருந்த எனக்கு அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. வகுப்பு முடிந்தது. மாட்டுங்காக்காரர் மகனோடு போட்டோ எடுத்துக்கொண்டார். அடுத்த வருடம் வாருங்கள் என்றார் மேடம். அடுத்த வருடத்துக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு முழு மழைக்காலம் இருந்தது.

என் கணவர் அவளிடம் பேசிப் பார்த்தார். “அம்மா உன்னய விடலட்டி, தண்ணி இழுத்துட்டுப் போச்சு” என்றார். “தெரியும்” என்றாள். அவர் என்னிடம் வந்து, “காலப்போக்குல சரியாயிரும்” என்றார். யாரிடம் சொன்னாலும் அப்படித்தான் சொல்கிறார்கள். எதைக் கண்டு சொல்கிறார்கள் என்று தெரியவில்லை. சொல்லிவிட்டுக் கையை எடுத்தால் பிள்ளை விடமாட்டாள். சொல்லாமல் எடுத்தால் அப்புறம் நம்பமாட்டாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருந்தால் அதை யாராவது எனக்குக் காட்டியிருக்க வேண்டும். நான் படித்தவை எதிலும் அது இல்லை. வேலைக்கு நடுவில், ரயிலில், காய் நறுக்கும்போது, திடீரென்று என் கை தானாக மூடிக்கொள்ளும். உள்ளே ஒன்றும் இருக்காது.

ஜூனில் பள்ளி திறந்தது. மழையும் வந்தது. நான் ஒவ்வொரு நாளும் வானத்தைப் பார்த்துவிட்டு அவளை லீவு போட வைத்தேன், ஒரு கட்டத்தில் பள்ளியில் இருந்தே கூப்பிட்டுப் பேசினார்கள். அனுப்பினேன். ஜூலையில் ஒரு நாள் மறுபடியும் மத்தியானமே செய்தி வந்தது. மறுபடியும் சயானில் இறங்கி ஓடினேன். பள்ளி வாசலிலேயே அவள் பையைக் கழற்றி என் தோளில் மாட்டிக்கொண்டேன். தண்ணீர் போன தடவை அளவுக்கு இல்லை. எனக்கு முழங்கால், அவளுக்குத் தொடை. அதே ரோடு, அதே வரிசை. நான் கையை நீட்டினேன்.

அவள் அதைப் பார்த்தாள். பிடிக்கவில்லை.

டிவைடரின் மேல் இடுப்புயரத்துக்குக் கம்பி போட்டிருக்கிறார்கள். அவள் அதன் பக்கம் போய், கம்பியைப் பார்த்துத் திரும்பி நின்று, இரண்டு கையாலும் பிடித்தாள். பக்கவாட்டில் நகர ஆரம்பித்தாள். ஒரு கை போய் நன்றாகப் பிடித்த பிறகு மற்றக் கை. துருவும் சேறும் அப்பிய கம்பி. வரிசையில் வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். “ஜல்தி கரோ” என்று ஒருவர் சலித்துக்கொண்டே அவசரப்படுத்தினார். ஒரு பெண் என்னைப் பார்த்து, பிள்ளையைத் தூக்கிக்கொள்ளக் கூடாதா என்று கேட்டார். ஒரு பஸ் போனது, தண்ணீர் வந்து மோதியது. அவள் நின்று, தலையைக் குனிந்து, இரண்டு கையையும் இறுக்கிக்கொண்டாள். தண்ணீர் போன பிறகு மறுபடியும் நகர்ந்தாள். நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றேன், தொடவில்லை. தொட்டால் என்ன ஆகுமோ என்று பயமாக இருந்தது.

ஓரிடத்தில் கம்பி முடிந்தது. ஆட்கள் ரோட்டைக் கடப்பதற்காக விட்ட இடைவெளி, நாலைந்து அடி இருக்கும். அதற்கப்பால் கம்பி மறுபடியும் தொடங்கியது. அவள் கடைசிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த இடைவெளியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். கலங்கல் தண்ணீர், கீழே என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. நான் கையை நீட்டினேன்.

“நீ பிடிக்காத” என்றாள். “நான் பிடிச்சுக்கிடுதேன்.”

என் தோளில் தொங்கிய அவளுடைய சிவப்புப் பையின் வாரை எட்டிப் பிடித்தாள். அது நன்றாக இருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். பிறகுதான் கம்பியிலிருந்த கையை எடுத்தாள். நான் மெதுவாக, மிக மெதுவாக நடந்தேன். வார் என் தோளை அறுத்தது. மறுபக்கத்துக் கம்பியை அவள் ஒரு கையால் பிடித்தாள். சேற்றை வழித்துவிட்டு இன்னொரு தடவை நன்றாகப் பிடித்தாள்.

“அம்மா, விடுதேன்” என்றாள்.

நான் திரும்பி அவளைப் பார்த்தேன். என் பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். மழை அவள் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

“ம்” என்றேன்.

அவள் வாரை விட்டாள்.